இளவரசியை யாரும் வரையவில்லை

எங்கள் முதலாளி நஞ்சப்பனின் குடும்பம் மூன்று தலைமுறையாக நூற்பாலை நடத்தியது. ஆலை படுத்ததும் கோவை சரவணம்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அதே கட்டடத்தில் அவர் வீடியோ விளையாட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். பஞ்சு பறந்த கூடத்தில் கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. சரக்கு மாறியதே தவிர, அதை அளக்கிற முறை மாறவில்லை. நூலை மீட்டரில் அளந்தவர், கதையை மணியில் அளந்தார்.

நான் வசுமதி. அங்கே கதாசிரியையாகச் சேர்ந்தவள். சேர்ந்த ஆறாவது மாதமே என் வேலையைத் தறி எடுத்துக்கொண்டது.

தறி என்று நாங்கள் கூப்பிட்டது ஒரு மென்பொருளை. ஆட்டக்காரர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 'தூரதேசம்' என்கிற எங்கள் சாகச விளையாட்டுக்குள் நுழைவார். அவர் ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கான காடு, மலை, கொள்ளைக்காரன், அவனுடைய மச்சினன் எல்லாவற்றையும் தறி அந்த நொடியில் நெய்து கொடுத்துவிடும். ஒரு லட்சம் மணி நேரச் சாகசம் என்று விளம்பரம் செய்தார்கள். கதை என்னவோ ஒரே வரிதான்: மலைநாட்டு ராஜாவின் மகளைக் காணவில்லை, கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிக்காரர்களுக்கு இளவரசி சீக்கிரம் கிடைப்பாள் என்றும் விளம்பரத்தின் கீழே ஒரு வரி இருக்கும். தன்னைக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைக்கிற ஆள் உலகத்தில் உண்டா? முப்பத்தெட்டு லட்சம் பேர் உள்ளே போனார்கள்.

வேலை பறிபோன அன்று நான் நஞ்சப்பனிடம் சண்டைக்குப் போனேன். தறி நெய்கிற சாகசங்களில் பாதி, ஆடு தொலைத்த கிழவர்களுக்கு ஆடு தேடிக் கொடுப்பது. மீதிப் பாதி, கிடைத்த ஆட்டுக்கு இலை பறித்துக் கொண்டு வருவது. "தூரதேசத்துல ஆடு தொலைக்காத ஒரு மனுசன்கூட இல்லீங்க சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளும் இல்லை.

"அம்மிணி, சாப்பாட்டுக் கடை வாசல்ல 'அளவில்லாச் சாப்பாடு'ன்னு போர்டு வெச்சாக் கூட்டம் வருமா, 'ருசியா இருக்கும்'னு வெச்சா வருமா? நீயே சொல்லு."

"ருசி உள்ள போனாத்தானுங்க சார் தெரியும்."

"அதேதான் நானும் சொல்றன். உள்ள வந்துட்டான்ல? அப்பறம் என்ன ருசி வேண்டிக் கெடக்குது?"

"அளவில்லாச் சாப்பாட்டுக் கடைலகூட ஒரு நேரத்துக்கு எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயர்றாங்கல்லீங்க?"

"அந்த எலைய மடிக்க உடக்கூடாதுன்னுதான் தறி போட்டிருக்கறோம்" என்றார் நஞ்சப்பன். எனக்கு வேறு வேலையும் கொடுத்தார். தறி சூட்டுகிற ஊர்ப்பெயர், ஆள்பெயர்களில் கெட்ட வார்த்தை ஏதாவது வந்துவிட்டதா என்று பார்க்கும் வேலை. ஒரு நாளைக்கு நாலாயிரம் பெயர்கள். முதுகலைத் தமிழ் படித்ததற்கு இதுவாவது கிடைத்ததே என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே வேலை செய்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்றை வெளியே யாரிடமும், கட்டினவர் பெற்றவர் உட்பட, சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சங்கதி இதுதான்: தூரதேசத்துக்கு முடிவே கிடையாது. இளவரசி எந்த மலையிலும் இல்லை. எங்கள் ஓவியர்கள் முப்பதாயிரம் விதமான ஆடு வரைந்திருந்தார்கள். இளவரசியை யாரும் வரையவில்லை.

என் கணவர் அறவாழி பதினோரு மாதமாக அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பம்பு வடிவமைக்கிற பொறியாளர். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. அவரிடம் இருந்த ஒரே கோளாறு, எதையும் பாதியில் விட மாட்டார். எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும் கடைசியில் லைட் பாயின் பெயர் ஓடி முடிகிற வரைக்கும் தியேட்டரில் உட்கார்ந்திருப்பார். தேனிலவுக்கு ஊட்டி போனபோது, கிணற்று மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்காமல் போகிறது என்று ஆரம்பித்தவர், குழாயின் அடிவாயில் இருக்கிற ஃபுட் வால்வில் குப்பை அடைப்பதிலிருந்து குழாயில் காற்று ஏறுவது வரை முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் ஏரியைப் பார்த்தார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. அவரை எனக்குப் பிடித்துப்போனதும் அப்போதுதான்.

அவர் வேலை செய்த கம்பெனியை மூடினார்கள். "ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டு வேற எடம் பாக்கறேன்" என்று ஹெட்செட்டை மாட்டினார். மாட்டினவர் மாட்டினவர்தான். சாப்பிட வருவார், குளிக்க வருவார், மறுபடி உள்ளே போய்விடுவார். கன்னத்தில் பட்டை அழுத்தி ஒரு தழும்பே விழுந்துவிட்டது.

ஆயுத பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது கிணத்துக்கடவிலிருந்து ஒரு பம்பு கம்பெனி முதலாளி எனக்குப் போன் செய்தார். "அறவாழி போன எடுக்கறதே இல்லீங்க. நாங்க விஜயதசமியன்னிக்குத்தான் புது ஆளுகளச் சேக்கறது. அன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்து நின்னாப் போதும். வரலீன்னா வேற ஆளப் பாத்துக்கறமுங்க. இனி அடுத்த வருசந்தான்."

இன்னொரு வருடம் உள்ளே இருந்தால் இந்த மனிதர் வெளியே வரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்ச் சொன்னேன். ஹெட்செட்டைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டார்.

"நல்ல கம்பெனியாச்சே. கட்டாயம் சேந்தர்றேன் வசு. இளவரசியக் கண்டுபுடிச்சுட்டா முடிஞ்சுது. மல மேல பொகை தெரியுது. அங்கதான் இருப்பாளாட்ட இருக்குது."

அந்தப் புகைக்கு அடியில் யார் இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆடு தொலைத்த ஒரு கிழவர் இருப்பார்.

இந்த இடத்தில் நஞ்சப்பனின் பக்தி எனக்குக் கை கொடுத்தது. ஆலைக்காரர் வழக்கப்படி ஆயுத பூசையன்று எந்த இயந்திரமும் ஓடக் கூடாது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு நிறுத்தினால், மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தறி வந்த பிறகு வருகிற முதல் ஆயுத பூசை இது.

தறியைக் கவனித்துக்கொள்கிற பொறியாளர் சுலைமான் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், தறிய நிறுத்துனா உள்ள இருக்கற முப்பத்தெட்டு லட்சம் பேரும் வெள்ளச் செவுத்தப் பாத்துட்டு நிப்பாங்க. புதுசா நெய்யறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா?"

"எங்க தாத்தன் காலத்துலருந்து பூசையன்னிக்கு நூல் நூக்கற கதிர் ஒண்ணுகூடச் சுத்துனதில்ல. எனக்காகச் சாமி சட்டத்த மாத்துமா?" என்றார் நஞ்சப்பன்.

"அப்ப ஒரு நாளைக்கு மட்டும் முன்னாடியே எழுதி வெச்ச கதையா ஏதாச்சும் வேணுங்க. தறி இல்லாமலே ஓடற மாதிரி."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் கதை எழுதத் தெரிந்த ஜீவன் நான் ஒருத்திதான்.

"சின்னதாப் போதும் அம்மிணி. ஒரு நாப்பது நிமிசம். ஒரு தீவாட்டம் போட்டு, அதுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்ற மாதிரி உட்டுரு. முடிவு கிடிவு வெச்சுப் போடாத."

"ஆகட்டுங்க சார்" என்றேன்.

ஒன்பது நாள் எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. முப்பத்தெட்டு லட்சம் பேருக்காக எழுதவில்லை. எதையும் பாதியில் விடாத ஒரே ஒரு ஆளை விஜயதசமிக்கு முன்னால் எழுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கதை இது. ஆட்டக்காரர் ஒரு தீவில் கரை இறங்குகிறார். அங்கே பரிசல் ஓட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நாலு வார்த்தை பேசியதுமே சொல்லிவிடுகிறாள்: நீங்கள் தேடுகிற இளவரசி நான்தான். என்னை யாரும் கடத்தவில்லை. நானாகத்தான் கிளம்பி வந்தேன். தேடினது போதும். ஆனால் வந்தது வந்தீர்கள், ஊர்க் கிணற்றில் பம்பு தண்ணீர் எடுக்க மாட்டேன் என்கிறது, அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறாள். அம்புக்குறி கிடையாது, குறிப்பு கிடையாது. காதை வைத்துக் கேட்க வேண்டும். காற்று இழுக்கிற சத்தம் கேட்கும். குழாயைத் தூக்கி, அடியிலிருக்கும் ஃபுட் வால்வில் அடைத்த குப்பையை எடுத்து, தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓட்டினால் ஊருக்குத் தண்ணீர் வரும். ஜனங்கள் குடத்தோடு ஓடி வருவார்கள். இளவரசி அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பாள். ராஜா அதைப் படித்துவிட்டு, மகளுக்காக இத்தனை நாள் திறந்து வைத்திருந்த கோட்டைக் கதவைச் சாத்தச் சொல்லுவார். முற்றும்.

இளவரசிக்கு முகம் வேண்டுமே. ஓவியர்களிடம் கேட்டால் விஷயம் வெளியே போகும். உதிரியாகக் கிடந்த ஆட்டுக்காரி ஒருத்தியை எடுத்து, முகத்தைக் கழுவி, கோலைப் பிடுங்கிக்கொண்டு துடுப்பைக் கொடுத்தேன்.

இதை யாரும் படித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே என் சீட்டு கிழிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் யாரும் எதையும் படித்து மாசக்கணக்காகிறது. அனுமதி கொடுக்கிற மென்பொருள் ஒன்றே ஒன்றைத்தான் சோதிக்கும், நீளத்தை. நாற்பது நிமிடம் இருக்கிறதா என்று பார்த்தது. நாற்பத்தொன்று இருந்தது. பாராட்டி ஒரு பச்சை விளக்குப் போட்டது.

பூசையன்று காலை பத்தரைக்குத் தறியை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் அலமாரிகளுக்கெல்லாம் சுலைமானே பக்குவமாகச் சந்தனம் வைத்தான். நான் பொரிகடலைப் பொட்டலத்தோடு பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்கு ஓடி வந்து, அப்போதுதான் குளித்துவிட்டு வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டிருந்த அவருடைய அறை வாசலில் நின்றேன். எழுதினவளுக்கு இப்படி ஒரு தண்டனை வேறெங்கும் கிடையாது. படிக்கிறவரின் முதுகு மட்டும் தெரியும், முகம் தெரியாது.

முதலில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு அசையாமல் நின்றார். பிறகு, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, சிரித்தார்.

"ஏர் இழுக்குது" என்றார் தனக்குத்தானே.

காற்றில் குழாயைத் தூக்கினார். காற்றில் குப்பையை எடுத்தார். நாற்பது நிமிடக் கதையை அவர் ஒன்றரை மணி நேரம் ஆடினார், கிணற்றடியிலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஹெட்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கண் சிவந்திருந்தது.

"முடிஞ்சுது வசு" என்றார். "சோறு இருக்குதா?"

சமையலறைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். நான் ஜெயித்துவிட்டேன். ஒரு லட்சம் மணி நேரத்தை என் நாற்பத்தொரு நிமிடம் ஜெயித்துவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் கிணத்துக்கடவு பஸ்ஸில் ஏறினார். உலகத்திலேயே பெரிய எழுத்தாளர் நான்தான் என்கிற நினைப்போடு நான் ஆபீசுக்குப் போனேன்.

ஆபீசில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. நல்ல நேரம் பார்த்துத் தறியை ஓட்டிவிட்டார்கள். நெய்து கொடுக்கத்தான் உள்ளே ஆட்டக்காரர்கள் இல்லை. முப்பத்தெட்டு லட்சத்தில் ஆறு லட்சம் பேர் மட்டும் திரும்பி வந்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் இலையை மடித்துவிட்டார்கள்.

சுலைமான் என்னை இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினான். "அக்கா, விமர்சனத்தப் படிங்க."

படித்தேன். 'மனதை உலுக்கிவிட்டது. முடித்துவிட்டு ரொம்ப நாள் கழித்து வெளியே நடந்தேன். ஆனால் நாற்பது நிமிடம்தான் வருகிறது. ஒரு நட்சத்திரம்.' 'இதைப் பார்த்து எங்கள் வீட்டு மோட்டாரையும் சரிசெய்துவிட்டேன். இனி சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு நட்சத்திரம்.' 'இப்படி ஒரு முடிவை நான் கண்டதில்லை. ஏன் முடித்தீர்கள்? ஒரு நட்சத்திரம்.' இளவரசி ஆட்டுக்காரி ஜாடையில் இருக்கிறாள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் மட்டும் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களையெல்லாம் கொத்தாகப் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. அழுதீர்கள், எழுந்தீர்கள், நடந்தீர்கள். இன்னும் என்ன ஐயா வேண்டும், வழிச்செலவா?

நஞ்சப்பன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நானும் ஆடுனேன் அம்மிணி. அந்த ராசா கதவச் சாத்துனதும் எம்மவளுக்குப் போன் போட்டேன். மூணு வருசமாப் பேச்சில்ல. அர மணி நேரம் பேசுனோம்" என்றார். கண்ணாடியைத் துடைத்தார். "அதனாலதான் எனக்குப் பயமா இருக்குது. இந்த மாதிரி இன்னொண்ணு வந்துதுன்னா நம்ம கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்."

"என்னைய நிறுத்தறீங்களாங்க?"

"நிறுத்துனா நீ வேற எங்கயாச்சும் போயி எழுதுவ. அது இன்னும் ஆபத்து." ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "தரக்கட்டுப்பாட்டுக்கு உன்னத் தலைவியாப் போட்டிருக்கறேன். தறி நெய்யறதையெல்லாம் நீதான் பாக்கோணும். லட்சத்துல ஒண்ணு தெரியாத்தனமா நல்லதா வந்துரும். ஆள எந்திரிக்க வெக்கற மாதிரி இருந்துதுன்னா எடுத்துப் போடு. எது நல்லதுன்னு இங்க உனக்கு மட்டுந்தான் தெரியுது."

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான் மாட்டேன் என்றால் நல்லது கெட்டது தெரியாத யாரையாவது போடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானத்தை உலகத்தில் நான் முதலில் கண்டுபிடித்ததாகவும் நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். இந்தப் பதவி இருப்பதையே கட்டினவர் பெற்றவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாலாவது வரியில் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்தார். சட்டையில் கிரீஸ். முகம் தெளிந்து, பழைய அறவாழியாக இருந்தார். காபியைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தத் தீவு நீ எழுதுனதுதான?"

எனக்குச் சிரிப்புப் பொங்கியது. "எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"ஃபுட் வால்வுல குப்ப அடைக்கும்ன்னு ராசா ராணிக் கதை எழுதறவனுக்கு எப்படித் தெரியும்? ஊட்டில சொன்னத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கறியே." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "மெய்யாலுமே நல்லா இருந்துது வசு. பஸ்ஸுல போறப்ப அதையேதான் நெனச்சுட்டுப் போனேன். அப்பத்தான் இன்னொண்ணும் தோணுச்சு. முடிவ நீ எழுதித்தான் வெக்க வேண்டியிருந்துதுன்னா, அதுக்கு முன்னாடி அங்க முடிவே இல்ல. சரியா?"

நான் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மொத மாசம் உன்னக் கேட்டேன். ஆட்டம் முடிய இன்னும் எத்தன இருக்குதுன்னு."

கேட்டார். இதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'இன்னும் கொஞ்சந்தானுங்க' என்று சொன்னேன். ஒப்பந்தத்துக்குப் பயந்துதான் சொன்னேன். ஆனால் அது மட்டும் இல்லை. வேலை போன ஆண்பிள்ளை வீட்டில் எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதைவிட, ஓர் அறைக்குள் அமைதியாக மலை ஏறிக்கொண்டிருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"நான் அந்தக் கொஞ்சத்த நம்பித்தான் உக்காந்திருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "முடிவு கெடையாது, எந்திரிச்சு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லீருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே. உன்ற பேச்ச நான் எப்ப நம்பாம இருந்திருக்கறேன்?"

ஒன்பது நாள், நாற்பத்தொரு நிமிடம், ஒரு தீவு, ஒரு கிணறு, ஒரு ராஜா. ஒரு வார்த்தை போதுமாம்.

"தப்புத்தானுங்க" என்றேன். அழுகை வந்தது. நிஜமான அழுகைதான்.

அவர் என் தோளில் கை வைத்தார். "செரி, உடு. போனது போச்சு. இனி எங்கிட்ட எதையும் மறைக்காத, அவ்வளவுதான்." காபியைக் குடித்து முடித்தார். அடியில் ஒரு சொட்டு விடாமல். "ஆமா, முடிவு வெச்சதுக்கு உங்க மொதலாளி என்ன சொன்னாரு? இப்ப உனக்கு என்ன வேலை குடுத்திருக்கறாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். "பழையபடி பேர் பாக்கற வேலையேதான்."

அவர் நம்பினார்.